உயரமான காரில் ஓட்டும் சுகம் உண்டா?

காம்பாக்ட் எஸ்யூவி (உயரமான உடலமைப்புள்ள சிறிய கார்) வாங்கும் எண்ணத்தில் இருக்கும் வாசகர்கள் விலை, மைலேஜ், சன்ரூஃப் ஆகியவற்றைப் பற்றியே வழக்கமாக எழுதுவார்கள். இம்முறை வந்த கடிதங்களில் பல, அந்த வண்டிகளை ஓட்டுவதில் இன்பம் உண்டா என்று கேட்கின்றன. அவற்றுள் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: பல ஆண்டுகளாக 1.2 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக் ஒன்றை ஓட்டி வருகிறேன். ஓய்வு கிடைத்தால் காரவள்ளி வழியாகக் கொல்லிமலைக்கு ஏறி இறங்குவதுதான் என் பொழுதுபோக்கு. அம்மாவுக்கு மூட்டுவலி வந்த பிறகு தாழ்வான இருக்கையிலிருந்து எழுந்திருக்கச் சிரமப்படுகிறார். அதனால் வீட்டில் காம்பாக்ட் எஸ்யூவி வாங்கச் சொல்கிறார்கள். உயரமான வண்டியில் வளைவுகளை ரசித்து ஓட்ட முடியாது என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். உண்மைதானா?
— வாசகர், நாமக்கல்

பதில்: உங்கள் நண்பர்கள் சொல்வதில் பாதி உண்மை. ஆனால் பழியை அவர்கள் உயரத்தின் மீது மட்டும் போடுகிறார்கள். மாருதியின் பெலினோவும் ஃப்ரான்க்ஸும் ஒரே அடித்தளத்தில், ஒரே 2,520 மில்லிமீட்டர் வீல்பேஸில் (முன், பின் சக்கர அச்சுகளுக்கு இடையிலான தூரம்) உருவானவை. முன்னதன் கிரவுண்ட் கிளியரன்ஸ் (தரைக்கும் வண்டியின் அடிப்பகுதிக்கும் உள்ள இடைவெளி) 170 மில்லிமீட்டர், பின்னதற்கு 190. மொத்த உயரத்தில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சுமார் 5 சென்டிமீட்டர். ஃபோக்ஸ்வாகனின் விர்ட்டஸ் செடானையும் டைகுன் எஸ்யூவியையும் எடுத்துக்கொண்டால், கிரவுண்ட் கிளியரன்ஸில் வேறுபாடு 9 மில்லிமீட்டர்தான் (179, 188). கூரை மட்டும் சுமார் 10 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. எஞ்சினும் கியர்பாக்ஸும் பொது. இந்த அளவு உயரம் கூடியதாலேயே ஒரு நல்ல வண்டி கெட்ட வண்டி ஆகிவிடாது. வளைவில் வண்டி சாய்வதை நாம் மிகைப்படுத்தி உணர்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு: உயரமான இருக்கையில் அமர்ந்திருக்கும்போது நம் தலை, வண்டி சாயும் அச்சிலிருந்து தள்ளி இருப்பதால், அதே அளவு சாய்வுக்கும் தலை அதிக தூரம் பக்கவாட்டில் நகர்கிறது.

சுகத்தைக் குறைப்பவை வேறு சில. உயரமான உடல் சாயாமலிருக்க ஸ்பிரிங்கை இறுக்கமாக வைத்துவிட்டு, அதற்கு ஈடுகொடுக்காத மலிவான டேம்பரை, அதாவது ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பரைப் பொருத்தினால், நேர்சாலையில் ஒவ்வொரு ஒட்டுப்போட்ட பள்ளமும் முதுகில் தெரியும். வளைவின் நடுவே ஒரு மேடு வந்தால் பின்சக்கரங்கள் பக்கவாட்டில் துள்ளும். இந்த வகுப்பில் ஏறத்தாழ எல்லா வண்டிகளிலும் பின்னால் இருப்பது இரு சக்கரங்களையும் இணைக்கும் எளிய டார்ஷன் பீம்தான் என்பதால், ஒரு நிறுவனத்தின் வண்டி இன்னொன்றைவிட நன்றாக ஓடுகிறது என்றால் பெருமை டேம்பரைச் சரிப்படுத்திய பொறியாளருக்கே சேரும். அடுத்தது டயர். 215/60 ஆர்16 என்ற அளவுள்ள டயரின் பக்கச்சுவர் 129 மில்லிமீட்டர். 205/55 ஆர்17 டயரில் அது 113 மில்லிமீட்டர். உயரமான பக்கச்சுவர் பள்ளங்களில் நம்மைக் காப்பாற்றும், ஆனால் ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் முதலில் ரப்பர் வளைந்த பிறகே வண்டி திரும்பும். மூன்றாவது, மின்விசை ஸ்டீயரிங். பார்க்கிங்கில் ஒற்றை விரலால் சுழற்ற வேண்டும் என்று வாங்குவோர் விரும்புவதால் அதை மிக இலகுவாக வைத்துவிடுகிறார்கள். மலையில் முன்சக்கரம் பிடியை இழக்கத் தொடங்குவதைக் கைக்குச் சொல்ல அந்த ஸ்டீயரிங்குக்குத் தெரிவதில்லை. எடையும் உண்டு. ஃப்ரான்க்ஸ் டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி கொண்டது) ஒரு டன்னைச் சற்றே தாண்டுகிறது என்றால், இந்த வகுப்பின் மற்ற பல வண்டிகள் 1.2 டன்னுக்கு மேல் போகின்றன. மலை இறங்கும்போது அந்த வேறுபாட்டை உங்கள் பிரேக் பெடல் முதலில் கண்டுபிடித்துவிடும்.

இனி உங்கள் கொல்லிமலைக்கு வருவோம். எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் பெரும்பாலானவற்றை இரண்டாம் கியரிலோ முதல் கியரிலோதான் எடுக்க முடியும். வண்டியின் பாதை 10 மீட்டர் ஆரமுள்ள வளைவு என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் உடலைப் பக்கவாட்டில் தள்ளும் விசை புவியீர்ப்பில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். வேகம் 25 ஆனால் அது புவியீர்ப்பில் ஏறத்தாழ பாதி அளவுக்கு உயர்ந்துவிடும். ஐந்து கிலோமீட்டர் கூடியதற்கே விசை ஒன்றரை மடங்கைத் தாண்டுகிறது. ஆகவே, அந்தச் சாலையில் ஒரு வண்டியின் திறமையையும் உங்கள் திறமையையும் சோதிப்பதற்குப் பெரிய வேகம் எதுவும் தேவைப்படுவதில்லை. நெடுஞ்சாலையில் 120 கிலோமீட்டரில் தடம் மாறும்போது செடானுக்கு உள்ள மேன்மை அங்கே பெரும்பாலும் பயன்படாமல் போய்விடுகிறது.

மலையேற்றத்தில் நீங்கள் இழப்பதைவிடப் பெறுவது அதிகமாகவும் இருக்கலாம். டர்போ இல்லாத 1.2 லிட்டர் ஹேட்ச்பேக்குகள் பொதுவாகத் தரும் டார்க் (எஞ்சினின் முறுக்குவிசை) 110 நியூட்டன் மீட்டர் அளவில்தான் இருக்கும். அதற்கும் எஞ்சினை நிமிடத்துக்கு 4,000 சுற்றுகளுக்கு மேல் கொண்டுபோக வேண்டும். ஸ்கோடா கைலாக், டைகுன் ஆகியவற்றில் உள்ள 1.0 லிட்டர் டர்போ எஞ்சின் 178 நியூட்டன் மீட்டரை 1,750 சுற்றுகளிலேயே தரத் தொடங்கிவிடும். வளைவைச் சுற்றி வந்து ஸ்டீயரிங் நேராகும் தருணத்தில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால், கியரை மாற்றாமலேயே வண்டி கிளம்பிப் போகும். அந்தக் கிளம்பலுக்குப் பழகிவிட்டால் பழைய வண்டியை நினைத்து ஏங்க மாட்டீர்கள். உயரமான இருக்கையிலிருந்து தடுப்புச் சுவருக்கு அப்பால் கீழிருந்து ஏறிவரும் பேருந்து முன்கூட்டியே தெரிவதும் ஒரு வசதி. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: இவ்வகை வண்டிகளில் முன்கண்ணாடியின் ஓரத்தூண் தடிமனானது. வலப்பக்கம் திரும்பும் கொண்டை ஊசியில் ஓர் இருசக்கர வாகனம் முழுவதுமாக அந்தத் தூணுக்குப் பின்னால் மறைந்துகொள்ளும். தலையை முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பும் பழக்கம் வேண்டும்.

என்னிடம் பெயர் சொல்லும்படி கேட்டால், எடை குறைவுக்காக ஃப்ரான்க்ஸ் டர்போ மேனுவலையும், ஸ்டீயரிங்கிலும் சஸ்பென்ஷனிலும் உள்ள ஒழுங்குக்காகக் கைலாக் மேனுவலையும், நேர்வலிமைக்காக 1.2 லிட்டர் நேரடி இன்ஜெக்‌ஷன் எஞ்சினில் 230 நியூட்டன் மீட்டர் தரும் மஹிந்திரா எக்ஸ்யூவி 3எக்ஸ்ஓவையும் ஓட்டிப் பார்க்கச் சொல்வேன். மூன்றில் கொல்லிமலைக்கு என் தேர்வு கைலாக். உங்கள் அம்மாவை அழைத்துச் சென்று மூன்றிலும் ஏறி இறங்கச் சொல்லுங்கள். இருக்கையின் உயரத்தைப் போலவே வாசற்படியின் அகலமும் மூட்டுவலிக்காரர்களுக்கு முக்கியம்.

கேள்வி: எனக்கு ஆட்டோமேட்டிக் வேண்டும், என் கணவர், ஆட்டோமேட்டிக் எடுத்தால் ஆழியாறு–வால்பாறை சாலையை மறந்துவிடு என்கிறார். எந்த வகை கியர்பாக்ஸ் மலைக்கு ஏற்றது?
— வாசகி, கோயம்புத்தூர்

பதில்: உங்கள் கணவர் ஏஎம்டி கியர்பாக்ஸை மனத்தில் வைத்துப் பேசுகிறார் என்றால் அவர் பக்கம் நியாயம் உண்டு. ஏஎம்டி என்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸில் கிளட்சையும் கியரையும் ஒரு சிறு இயந்திரக் கை இயக்கும் ஏற்பாடு. அது கியர் மாற்றும் நேரத்தில் சக்கரத்துக்கு விசை செல்லாது. நாற்பது வளைவுகள் கொண்ட அந்தச் சாலையில், சரியாக வளைவின் நடுவில் அது கியரை மாற்ற முடிவு செய்தால், உங்கள் எரிச்சலுக்கு அளவிருக்காது. மேனுவல் நிலைக்கு மாற்றி இரண்டாம் கியரில் நிறுத்திக்கொள்வது ஓரளவு உதவும்.

சிவிடி, அதாவது தனித்தனிக் கியர் இல்லாமல் விகிதத்தைத் தொடர்ச்சியாக மாற்றும் வகை, நகரத்தில் மிருதுவானது. ஏற்றத்தில் முழுவதுமாக மிதித்தால் எஞ்சின் ஒரே சுருதியில் இரைந்துகொண்டிருக்க, வேகம் தன் விருப்பத்துக்கு வந்து சேரும். ஓட்டுவதில் ருசி உள்ளவருக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை. இரட்டை கிளட்ச் கொண்ட டிசிடி வகை மிக விரைவாகக் கியர் மாற்றும். வேகமாகப் போகும்வரை அதற்கு இணையில்லை. ஆனால் உலர் கிளட்ச் கொண்ட டிசிடியில், விடுமுறை நாள் நெரிசலில் ஏற்றத்தில் அங்குலம் அங்குலமாக ஊர்ந்தால் கிளட்ச் சூடாகும். முன்வண்டியை ஒட்டியே நகராமல் சற்று இடைவெளி விட்டு, பிரேக்கில் முழுமையாக நின்று, பிறகு ஒரே மூச்சில் நகர்வதுதான் முறை. ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்தபடியே ஏற்றத்தில் வண்டியை நிறுத்திவைப்பது அந்த கிளட்சுக்குச் செய்யும் துரோகம்.

உங்களைப் போல் நகரமும் மலையும் இரண்டும் வேண்டும் என்போருக்கு டார்க் கன்வர்ட்டர் வகை (கிளட்சுக்குப் பதில் திரவத்தின் வழியே விசையைக் கடத்துவது) ஆறு வேக ஆட்டோமேட்டிக்கே என் தேர்வு; கைலாக்கிலும் ஃப்ரான்க்ஸ் டர்போவிலும் அது கிடைக்கிறது. ஸ்டீயரிங்குக்குப் பின்னால் பேடில் (விரலால் கியர் மாற்றும் சிறு நெம்புகோல்) இருக்கும் வேரியன்ட்டாகப் பாருங்கள். ஏறும்போது எந்தக் கியர் தேவைப்பட்டதோ அதே கியரில் இறங்குங்கள். பிரேக் உங்களுக்கு நன்றி சொல்லும்.

கேள்வி: எல்லா நிறுவனங்களும் நான்கு மீட்டருக்குள் எஸ்யூவி செய்வதை விட்டுவிட்டு, பழையபடி விறுவிறுப்பான ஹேட்ச்பேக்குகளைக் கொடுத்தால் என்ன?
— வாசகர், மதுரை

பதில்: வரிதான் இதன் மூலக்கதை. 2006ஆம் ஆண்டு மத்திய பட்ஜெட்டில், நீளம் 4 மீட்டருக்கு மிகாத, 1,200 சிசி வரையிலான பெட்ரோல் கார்களுக்கும் 1,500 சிசி வரையிலான டீசல் கார்களுக்கும் கலால் வரி 24 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அன்று அது சிறு கார்களை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது; பின்னாளில் எஸ்யூவி வடிவத்தையும் அதே அளவுக்குள் மடக்கிவிடலாம் என்று நிறுவனங்கள் கண்டுகொண்டன. 2025 செப்டம்பர் 22 முதல் நடைமுறைக்கு வந்த ஜிஎஸ்டி மாற்றத்திலும் அதே கோடு நீடிக்கிறது: கோட்டுக்கு உள்ளே 18 சதவீதம், வெளியே 40 சதவீதம். கொரியாவின் சாங்யோங் டிவோலியை அடித்தளமாகக் கொண்டு மஹிந்திரா எக்ஸ்யூவி300 உருவாக்கியபோது, அதன் பின்பகுதியைக் குறுக்கி 3,995 மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்தார்கள். இழந்தது டிக்கி இடம். அகலமும் 2,600 மில்லிமீட்டர் வீல்பேஸும் தங்கிவிட்டதால் அது வளைவுகளில் தரையைப் பற்றி நின்றது. 1,200 சிசி என்ற கட்டுப்பாடுதான் மூன்று சிலிண்டர் டர்போ எஞ்சின்களை நமக்குப் பரவலாகத் தந்தது என்பதும் உண்மை. ஆக, வரிச்சட்டம் ஓட்டுநருக்குக் கெடுதல் மட்டும் செய்யவில்லை.

விறுவிறுப்பான ஹேட்ச்பேக்கைப் பொறுத்தவரை, ஃபோக்ஸ்வாகன் போலோ 2022இல் இந்தியச் சந்தையிலிருந்து விடைபெற்றபோது கண்ணீர் விட்டவர்களில் எத்தனை பேர் புதிதாக ஒன்றை வாங்கினார்கள் என்று எனக்கு ஐயமுண்டு.

கேள்வி: பழைய ஃபோர்டு ஈக்கோஸ்போர்ட் 1.0 ஈக்கோபூஸ்ட் ஒன்று நல்ல நிலையில் கிடைக்கிறது. ஓட்டுவதற்கு அதுபோல் இன்னொரு காம்பாக்ட் எஸ்யூவி வரவில்லை என்கிறார்களே, வாங்கலாமா?
— வாசகர், தாம்பரம்

பதில்: அப்படிச் சொல்பவர்களில் நானும் ஒருவன். 2013 ஜூனில் விற்பனைக்கு வந்த ஈக்கோஸ்போர்ட், உங்கள் ஊருக்குப் பக்கத்து மறைமலை நகரில் தயாரானது. ஃபியஸ்டாவின் அடித்தளத்தில், 200 மில்லிமீட்டர் கிரவுண்ட் கிளியரன்ஸுடன் நின்ற அந்த வண்டியின் ஸ்டீயரிங்கில் எடை இருந்தது, திருப்பியவுடன் வண்டியின் மூக்கு சொன்னபடி கேட்டது, மோசமான சாலையில் வேகமாகப் போனாலும் உடல் கட்டுக்குள் இருந்தது. அதன் 1.0 லிட்டர் மூன்று சிலிண்டர் எஞ்சின் 125 பிஎஸ் திறனும் 170 நியூட்டன் மீட்டர் டார்க்கும் கொண்டது. ஆண்டின் சிறந்த சர்வதேச எஞ்சின் என்ற விருதை 2012, 2013, 2014 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பெற்றது. உயரமான வண்டி ஓட்டுநரை மகிழ்விக்காது என்ற வாதத்துக்கு நம் ஊரிலேயே தயாரான பதில் அது.

வாங்குவது வேறு விஷயம். அந்த எஞ்சினில் டைமிங் பெல்ட் எஞ்சின் ஆயிலுக்குள்ளேயே ஓடுகிறது. உரிய தர ஆயிலை உரிய காலத்தில் மாற்றாவிட்டால் பெல்ட் சிதைந்து, துணுக்குகள் ஆயில் வடிகட்டியை அடைக்கும்; பிறகு எஞ்சினையே மாற்றும் அளவுக்குச் செலவு போகும். இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக ஃபோர்டு 2021 செப்டம்பரில் அறிவித்தது. சர்வீஸும் உதிரிபாகமும் தொடர்ந்தாலும், சென்னையில் கிடைப்பதுபோல் சிறு நகரங்களில் உடனே கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். ஆயில் மாற்றிய ரசீதுகள் தொடர்ச்சியாக இருந்து, பெல்ட் மாற்றியதற்கும் சான்று இருந்தால் வாங்குங்கள். ரசீது இல்லை, ஆனால் ஓனர் நல்லவர் என்றால் வேண்டாம், 1.5 லிட்டர் டீசல் ஈக்கோஸ்போர்ட்டைத் தேடுங்கள். அதே சேஸி, அதே ஸ்டீயரிங், 205 நியூட்டன் மீட்டர்.

கேள்வி: டெஸ்ட் டிரைவில் ஷோரூமைச் சுற்றி ஒரு வட்டம் அடிக்கவைத்து அனுப்பிவிடுகிறார்கள். அதற்குள் ஒரு வண்டியின் குணத்தை எப்படித் தெரிந்துகொள்வது?
— வாசகி, திருச்சி

பதில்: பாட்டை நிறுத்துங்கள், ஏசி விசிறியைக் குறையுங்கள், பக்கத்தில் அமர்ந்திருக்கும் விற்பனைப் பிரதிநிதியிடம் சற்று நேரம் அமைதியாக இருக்குமாறு பணிவாகக் கேளுங்கள். ஒரு வேகத்தடையை வழக்கமான வேகத்தில் கடந்ததும் உடல் எத்தனை முறை மேலும் கீழும் ஆடுகிறது என்று பாருங்கள். ஒருமுறை எழும்பி அமர்ந்துவிட்டால் டேம்பர் நன்று. இரண்டு மூன்று முறை ஆடினால், ஏற்காடு போய்வரும் நாளில் பின்னிருக்கையில் இருப்பவர்களுக்கு எலுமிச்சம்பழம் தேவைப்படும்.

வெறிச்சோடிய நேர்சாலை கிடைத்தால் 50 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டீயரிங்கை இடமும் வலமும் மிகச் சிறிதளவே அசையுங்கள். நடுவில் எதுவுமே நடக்காத ஒரு வெற்றிடம் இருக்கிறதா, திருப்பத் திருப்பக் கைக்குக் கனம் கூடுகிறதா என்பதை உள்ளங்கை சொல்லிவிடும். ஸ்போர்ட் மோடில் கூடும் கனத்தைக் கண்டு ஏமாற வேண்டாம். அது பெரும்பாலும் செயற்கையான கனமே, சாலையைப் பற்றிய செய்தி எதையும் கொண்டுவருவதில்லை. பிறகு மூன்றாம் கியரில் 1,500 சுற்றுகளிலிருந்து மிதித்து, டர்போ விழிக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். இறுதியாக, ஒரு திருப்பத்தில் முழங்காலைக் கதவில் முட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறதா என்று கவனியுங்கள். பலர் பாடி ரோல் (வளைவில் வண்டி சாய்வது) என்று குறை சொல்வது, உண்மையில் இருக்கையின் பக்கவாட்டு அணைப்பு போதாததால் உடம்பு வழுக்குவதைத்தான்.

முடிந்தால் வீட்டார் நால்வரையும் ஏற்றிக்கொண்டே இவற்றைச் செய்யுங்கள். தனியாள் ஓட்டும்போது துள்ளலாகத் தெரியும் 1.0 லிட்டர் எஞ்சின் நால்வரோடும் ஏசியோடும் எப்படி மூச்சு வாங்குகிறது என்பதைப் பணம் கட்டும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

கேள்வி: தாழ்வான ஸ்பிரிங், 18 அங்குல அலாய் போட்டால் என் எஸ்யூவி கார் போல ஓடுமா?
— வாசகர், ஈரோடு

பதில்: ஓடாது. டேம்பரை மாற்றாமல் ஸ்பிரிங்கை மட்டும் தாழ்த்தினால் சஸ்பென்ஷன் அசையும் தூரம் குறைந்து, அடி வாங்கும். 18 அங்குலச் சக்கரத்தின் கூடுதல் எடை ஸ்டீயரிங்கையும் முடுக்கத்தையும் மந்தமாக்கும். அந்தப் பணத்தில் நிறுவனம் சொன்ன அதே அளவில், நல்ல பிடிமானமுள்ள நான்கு டயர்களை வாங்குங்கள். காற்றழுத்தத்தை வாரம் ஒருமுறை, டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். வித்தியாசத்தை முதல் திருப்பத்திலேயே உணர்வீர்கள்.

கேள்வி: எலெக்ட்ரிக் எஸ்யூவியில் கியரும் இல்லை, சத்தமும் இல்லை. அதில் என்ன சுகம் இருக்கப்போகிறது?
— வாசகர், குன்னூர்

பதில்: நேர்கோட்டில் வேண்டிய மட்டும் இருக்கிறது. டாடா நெக்ஸான் இவியின் 215 நியூட்டன் மீட்டர் டார்க், தொட்ட மாத்திரத்தில் வருகிறது. டர்போவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. கனமான பேட்டரி தரைத்தளத்தின் அடியில் இருப்பதால் எடை மையமும் தாழ்கிறது. ஆகவே வளைவில் சாய்வு குறைவு. ஆனால் மொத்த எடை பெட்ரோல் வண்டியைவிடக் கூடுதல் என்பதை, திருப்பத்துக்கு முன் பிரேக் பிடிக்கும்போதும் திசை மாறி மாறி வரும் இரட்டை வளைவுகளிலும் உணர்வீர்கள். மேனுவல் கியரில் மனம் லயித்தவருக்கு அது ஈடாகாது என்பது என் கருத்து. கியர்லீவரைத் தொல்லை என்று கருதுபவருக்கு இதுவே உகந்தது.

குன்னூர்க்காரரான உங்களுக்கு ஒரு குறிப்பு. இறக்கத்தில் ரீஜெனரேஷன் (மோட்டாரே வேகத்தைக் குறைத்து பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் ஏற்பாடு) அளவைக் கூட்டிவைத்தால், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைத் தளர்த்துவதாலேயே பெரும்பாலான வளைவுகளுக்கு வேகத்தைச் சரிசெய்துகொள்ளலாம்; அதில் ஒரு தனி லயம் இருக்கிறது. ஆனால் வீட்டில் 100 சதவீதம் சார்ஜ் ஏற்றிவிட்டு மேட்டுப்பாளையத்துக்கு இறங்கினால், பேட்டரியில் மின்சாரத்தை வாங்கிக்கொள்ள இடம் இல்லாததால் அந்தப் பிடிப்பு தொடக்கத்தில் கிடைக்காது; பாரம் முழுவதும் சாதாரண பிரேக்கின் மீது விழும். இறங்கப்போகும் நாளில் 80 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அடிவாரத்தை அடையும்போது கணிசமான சார்ஜ் திரும்ப ஏறியிருக்கும்.